எங்கள் வீட்டு நீர்ப்பிடிப்புப் பகுதி

எங்கள் வீட்டுக் குளியலறையின் பின்சுவர் அரசாங்கத்தால் பாதுகாக்கப்பட்ட பகுதி. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்து ஓய்ந்தாயிற்று. என் மாமியார் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டியவர் அவர்தானே.

நான் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தில் நத்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். "நத்தையா?" என்று கேட்டு ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்களோடு சண்டைக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரை ஒட்டிய மலையில் மட்டுமே வாழும் நத்தை ஒன்று உண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பாறைமேல் தண்ணீர் மெல்லிய படலமாகக் கசிந்துகொண்டே இருக்கும் இடத்தில்தான் இருக்கும். ஓடுகிற தண்ணீர் என்றால் அடித்துக்கொண்டு போய்விடும், தேங்கிய தண்ணீர் என்றால் செத்துப்போகும். கசிவுதான் வேண்டும், அதிலும் தனக்குப் பிடித்த கசிவுதான் வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாகூட இவ்வளவு பிகு பண்ணி நான் பார்த்ததில்லை.

மலையடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருக, மேலே பாறைக் கசிவுகள் ஒவ்வொன்றாக வற்றின. நத்தையும் பாறை பாறையாக இல்லாமல் போயிற்று. வருடக்கணக்கில் முழங்கால் தேய மலையெல்லாம் தவழ்ந்து தேடினேன். கடைசியில் "இனம் அற்றுப்போனது" என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இயக்குநர் சொன்னார். அவர் சொன்ன அதே வாரத்தில்தான் மாமியார் என் கையில் பிரஷைக் கொடுத்தார்.

"ஏம்மா, பின்சுவர் முழுக்கப் பாசி. நான் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாத்தான் உனக்கு நேரம் கிடைக்குமா?"

கொல்லைப்பக்கம் போய் ஒரு இழுப்பு இழுத்தேன். பிரஷ் முடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணருகே கொண்டுபோனேன். அது கொம்பை நீட்டி என்னைப் பார்த்தது. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் விழுந்துவிட்டதாக நினைத்த மாமியார், "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குளியலறையைப் பெரிதாக்கியபோது அந்தச் சுவரை மலைக்கல்லால் கட்டினோம். எங்கள் தெருக் குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர். கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைக்கு வீட்டைவிட்டு வந்ததே தெரிந்திருக்காது. கல் மலையுடையது, தண்ணீர் மலையுடையது, கசிவு மட்டும் என் தம்பியுடையது.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பிளம்பர். அவர் கைவைத்த குழாய் ஒழுகியதாக இந்த ஊரில் சரித்திரமே கிடையாது. அடுத்தவர் வீட்டு விருந்துக்குப் போனாலும் கைகழுவும் இடத்தில் குழாயை இறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். என் தம்பி அவரிடம்தான் வேலை கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவன் இடதுகைக்காரன். குழாயின் மரையில் வெள்ளை டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டுமோ அதற்கு நேர்மாறாகச் சுற்றுவான். முடுக்க முடுக்க டேப் இறுகாமல் பிரிந்துகொண்டே போகும். எத்தனை தடவை சொன்னாலும், "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டு அதே மாதிரிதான் சுற்றுவான். வீட்டுக்காரர் அவனுக்கு 'ஊற்று' என்று பெயர் வைத்தார். சொந்தக்காரர்கள் அதைக் கல்யாணப் பத்திரிகையிலேயே போடும் அளவுக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் ஒரு பல் மருத்துவர் வீட்டு மாடியில் தம்பி போட்ட இணைப்பு, கீழே வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளியின் வாய்க்குள் நேராக ஒழுகியது. அத்தனை பேர் முன்னிலையில் வீட்டுக்காரர், "நீ கை வச்சா பாலைவனம்கூட ஒழுகும்டா" என்று சொல்லிவிட்டார். தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போனவன்தான், எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். தண்ணீரே படாத தொழிலாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான் பாவம்.

எங்கள் குளியலறைச் சுவருக்குள் இருந்த இணைப்பும் அவன் போட்டதுதான். அது ஒழுகுவது தெரிந்தும், "நான் செய்யாத வேலையை நான் தொடமாட்டேன், போட்டவன் வந்து சரி பண்ணட்டும்" என்று வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அந்த வீம்பில்தான் என் நத்தைகள் பிழைத்துக்கிடந்தன. இவர்கள் இருவருக்கும் நடுவில் நான் நெஞ்சு வெந்துகொண்டிருந்தது தனிக்கதை.

சேதி தெரிந்ததும் இயக்குநர் மலையேறும் பூட்ஸ், மழைச்சட்டை, தொலைநோக்கி சகிதமாக எங்கள் சமையலறைக்குள் நுழைந்தார். மூட்டுவலிக்காரர். மலையடிவாரம் வரைதான் அவரால் வர முடியும், மீதியை நான் போட்டோவில் காட்ட வேண்டும். இப்போது ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்றதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. வரைபடம் போட்டார். குளியலறை மேல் வடிநிலம். கொல்லைச் சாக்கடை கீழ் வடிநிலம். துணி துவைக்கும் மெஷினின் குழாய் கிளையாறு. பக்கத்து வீட்டுப் பூனை, 'வந்துபோகும் வேட்டை விலங்கு'. மேல் வடிநிலத்தில் சோப்புக்குத் தடை விதித்து, மாமியாருக்கு 'பாரம்பரியப் பயனாளி' என்று அட்டை கொடுத்தார்.

மாமியார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்ப இந்த நத்தையெல்லாம் எங்க இருந்துச்சாம்?"

"மலையில இருந்துச்சும்மா" என்றார் இயக்குநர்.

"அப்ப எனக்கப்புறம் வந்ததுதானே. அதுக்கு அட்டை குடுங்க."

இதிலெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தவர் என் வீட்டுக்காரர்தான். செய்தித்தாளில் படம் வந்தது. சுவருக்குப் பக்கத்தில் அவரை நிற்கவைத்து எடுத்து, கீழே 'பிளம்பர் வீட்டில் அரிய ஒழுகல்' என்று போட்டிருந்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. குழாய் ரிப்பேருக்குக் கூப்பிடுபவர்கள் எல்லாம், "நத்தை வராம போட்டுக் குடுங்க" என்று ஆரம்பித்தார்கள். ராத்திரி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். எனக்குப் புரிந்தது. புரிந்தும், என் நத்தைகளின் சந்தோஷத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வீட்டில் ஏதோ குறைகிறது. என்ன என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது, சத்தம். சொட்டும் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் சிமெண்டு படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தார். முகம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது.

"உள்பக்கமா உடைச்சு ஜாயின்ட்ட மாத்திட்டேன். வெளிப்பக்கம் உன் நத்தை ஒண்ணக்கூடத் தொடல."

"ஒழுகல்?"

"இனி ஒரு சொட்டு வராது."

"ஏங்க, அந்தச் சொட்டுதாங்க அதுங்களுக்கு உசிரு."

"தண்ணிதானே வேணும்? குழாயத் திறந்துவிட்டாப் போச்சு" என்றார்.

பொறுப்பான மனிதர், கொல்லைக் குழாயைச் சுவர்மேல் திறந்தும் விட்டார். பாதி நத்தைகள் அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போயின. அதாவது கீழ் வடிநிலத்துக்கு. மற்றவை கதவு மாதிரி இருக்கும் தங்கள் சிறிய மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டன. அப்படி மூடிக்கொண்டால் எவ்வளவு காலம் உள்ளே பட்டினி கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். முன்பு சிலவற்றை நிலையத் தொட்டியில் விட்டுப் பார்த்தபோது அத்தனையும் அப்படித்தான் செத்தன. இந்தச் சுவரைத் தவிர உலகத்தில் அவற்றுக்கு வேறு இடம் இல்லை. பாசி காய்ந்துபோகும்வரைதான் அவகாசம்.

நான் அழுததைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஒழுகல் போட உட்கார்ந்தார். பூசிய இடத்தை மறுபடி உடைத்தார். இணைப்பைத் தளர்த்தினார், அவர் கை தன்னை அறியாமல் கடைசி மரையை முடுக்கிவிட்டது. டேப்பே இல்லாமல் போட்டார், ஒழுகவில்லை. டேப்பைத் தம்பி மாதிரி எதிர்ப்பக்கம் சுற்றினார், அதுவும் ஒழுகவில்லை. கடைசியில் குழாயில் ஓட்டை போட்டார். பீய்ச்சியடித்த தண்ணீர் மாமியார் கழுத்தில் இருந்த அட்டையை நனைத்தது. அதையும் அடைத்துவிட்டு, "எனக்கு வரல" என்றார். வேலையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

இயக்குநர் தலைமை அலுவலகத்திலிருந்து சொட்டுக் கருவி ஒன்று வரவழைத்தார். கடிகாரம் மாதிரி சொட்டியது. நத்தைகள் சீந்தக்கூட இல்லை. தம்பியின் ஒழுகல் அப்படியில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும், திடீரென்று பொலபொலவென்று கொட்டும், பிறகு கோபித்துக்கொண்டு சுவரோடு சுவராகக் கசியும். மலைப்பாறையும் அப்படித்தான். நான் தெளிப்பானை வைத்துச் சுவரை நனைத்துக்கொண்டே இருந்தேன். பாசி ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியது.

"அவனைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "நீ கூப்பிட்டா வரமாட்டான். நான்தான் போகணும்" என்றார்.

நானும் கூடப் போனேன். தம்பியின் மெத்தைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் மெத்தையில் படுத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பேசினால் கடைப் பையனுக்குத்தான் திட்டு விழும். முதலாளி முறைக்கவே வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். எப்படிப் படுப்பது நல்லது என்று காட்டவேண்டியது விற்பவன் வேலையாம், அதனால் தம்பியும் பக்கத்தில் படுத்தான். இத்தனை காலம் முகம் பார்க்காத இரண்டு பேரும் ஒரே மெத்தையில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்றேன், ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி.

"எது வேணும்? ஸ்பிரிங்கா, பஞ்சா?" என்றான் தம்பி, கூரையிடம்.

"ஒழுகல் வேணும்" என்றார் இவர்.

"கிண்டல் பண்றதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்களா மாமா?"

"கிண்டல் இல்லடா. நான் போட்டா ஒழுக மாட்டேங்குது."

தம்பி முழங்கையை ஊன்றி எழுந்து அவரைப் பார்த்தான். "என்ன பண்ணிப் பார்த்தீங்க?" என்று கேட்டான். டாக்டர் கேட்கிற தோரணை. இவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டான். பிறகு மறுபடி படுத்துவிட்டான்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

முதலாளி வந்து மெத்தை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றார் வீட்டுக்காரர். தப்பிக்க வழியில்லாமல் அந்த மெத்தையையும் வாங்கிக்கொண்டு, அதன் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை இவருமாகத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

தம்பி வந்திருக்கும் செய்தி தெரிந்து இயக்குநர் ஓடிவந்தார். 'கசிவு நிபுணர்' என்று அவனுக்கும் ஒரு அட்டை மாட்டினார். கவிழ்த்த வாளியில் இயக்குநர், கதவோரம் மாமியார், தெளிப்பானோடு நான், டார்ச் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர். இத்தனை பேர் பார்க்கத் தம்பி மரையைத் துடைத்தான். டேப்பை எடுத்தான். நெற்றியெல்லாம் வேர்வை. எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று வாழ்க்கையிலேயே முதன்முறையாக யோசித்தான். சுற்றினான், முடுக்கினான், தண்ணீரைத் திறந்தான்.

எல்லோரும் காத்திருந்தோம்.

"எப்ப ஒழுகும்?" என்றார் இயக்குநர்.

வீட்டுக்காரர் குனிந்து இணைப்பை விரலால் சுற்றித் தடவினார். விரல் காய்ந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன். அது வந்த வேகத்திலேயே போனதையும் பார்த்தேன்.

"மாமா, ஒழுகலையே" என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான் தம்பி. அப்புறம் சுவர் ஞாபகம் வந்தது. அப்படியே சரிந்து குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சரியாப் போட்டேன். அதுவும் தப்பாப் போச்சே அக்கா."

எனக்கு யாருக்காக அழுவது என்றே தெரியவில்லை. ஒரு பக்கம் நத்தை, ஒரு பக்கம் தம்பி. இயக்குநர், "நிபுணர் ரொம்ப அக்கறை எடுத்துக்கிட்டார், அதான் கோளாறு" என்றார். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. ஆனால் அது காதில் விழுந்தது என் வீட்டுக்காரருக்குத்தான்.

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தவர், இயக்குநரைக் கையைப் பிடித்து எழுப்பி அனுப்பிவைத்தார். டார்ச்சை அணைத்தார். தம்பி கழுத்திலிருந்த அட்டையையும் கழற்றினார்.

"சரி விடு. நத்தை பாடு நத்தைக்கு. அம்மா ரொம்ப நாளா ஷவர் கேட்டுக்கிட்டு இருக்காங்க. இதே சுவருல, நான் உடைச்ச ஓட்டைக்கு மேல ஒரு எல்போ வளைவு போட்டு லைன் இழுக்கணும். எனக்கு வெளியில அவசர வேலை. நீ போட்டு முடிச்சிடு."

"நான் எப்ப ஷவர்..." என்று ஆரம்பித்த மாமியார், மகன் பார்த்த பார்வையில் கப்சிப் ஆனார்.

"நானா? தனியாவா?" என்றான் தம்பி.

"வேற யாரு இருக்கா? ஒழுகாம போடு. உன்னை நம்பித்தான் போறேன்."

அவர் போனது தெருமுனைவரைதான். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தம்பி முதலில் சும்மா நின்றான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சீட்டியடிக்க ஆரம்பித்தான். பார்க்க ஆளில்லை, திட்ட ஆளில்லை, அவனுடைய இடதுகை தன் இஷ்டத்துக்கு டேப்பைச் சுற்றியது. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் வாசலுக்கு வந்தவன் கண்ணில் மாமா பட்டார், தெருமுனைக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். தண்ணீரைத் திறந்துவிட்டு, "எப்படி மாமா?" என்று கேட்டான். ஆனால் அவன் திறந்து திரும்புவதற்குள் வீட்டுக்காரர் கையை உயர்த்தி எல்போமேல் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டிருந்தார்.

"கச்சிதம்" என்றார். "ஒரு சொட்டு இல்ல."

விரலடியிலிருந்து தண்ணீர் புறப்பட்டு, மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கி, முழங்கையில் திரண்டு நின்றது. அவர் அசையவில்லை. எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை ஒழுகல் விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொன்னதில்லை.

"போய்ச் சாப்பிடு. அக்கா எடுத்து வைப்பா. நான் கையைக் கழுவிட்டு வர்றேன்."

சமையலறையில் தம்பிக்குத் தட்டு வைத்தேன். குனிந்தபடி சாப்பிட்டான். இந்த வீட்டில் அவனுக்குச் சோறு போட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தேன்.

"அக்கா, ஒழுகுதுல்ல?" என்றான், நிமிராமல்.

நான் குழம்பு ஊற்றினேன்.

"மாமா சட்டைக் கை நனைஞ்சிருந்துச்சு. நான் பார்த்தேன்னு அவர்கிட்ட சொல்லிடாத. பாவம், ரொம்ப நேரமாக் கையத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு."

நான் தலையாட்டினேன். அதற்குள் கொல்லையிலிருந்து வீட்டுக்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். சுவரடியில் மண்டியிட்டிருந்தார். கல்லில் தண்ணீர் மெல்லக் கசிந்து, நின்று, யோசித்து, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நத்தை மூடியைத் தள்ளிக் கொம்பை வெளியே நீட்டியது. பக்கத்தில் இன்னொன்று. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒழுகுதுன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடாத" என்றார் ரகசியமாக. "பையன் இன்னைக்குத்தான் சந்தோஷமா இருக்கான்."

சரி என்று தலையாட்டினேன். அங்கேயும் ஆட்டியாயிற்று, இங்கேயும் ஆட்டியாயிற்று.

இப்போது தம்பி வாராவாரம் வருகிறான். மாமியார் அந்த ஷவரை இதுவரை திறந்ததில்லை, வாளியில்தான் குளிக்கிறார். தம்பியின் வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் எழுந்துபோய் எல்போமேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். தம்பியும் குளியலறை வாசலில் நின்று, அந்தப் பக்கம் பார்க்காமலேயே, "ஒழுகலையே மாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் கை வலிக்குமுன் சாப்பிட வந்துவிடுகிறான்.